மே முதலாம் திகதி வாசித்தவன்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் அந்த நாட்களில் வேலை தேடிப் போன தமிழர்களை முதலில் சேர்த்துக்கொண்டது பன்றி இறைச்சித் தொழிற்சாலைதான். அல்பேட்டும் 1987 தை மாதம் அகதி அந்தஸ்துக் கிடைத்த கையோடு அங்கே சேர்ந்தான். வயது முப்பத்தைந்து. குருநகரில் வலைக்கம்பனி ஒன்றில் கணக்கெழுதுகிற கிளாக்காக இருந்தவன். மனைவி மாக்கிரட்டும் எட்டு வயது மகள் செலீனாவும் மூன்று வயது மகன் றொஜிதனும் யாழ்ப்பாணத்தில். அவன் புறப்படும்போது றொஜிதன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான்.

கிளாக் வேலை அவனுக்குச் சோறு போட்டது. ஆனால் ஊரில் அவனை எல்லாரும் அறிந்திருந்தது 'பேஸ் அல்பேட்' என்றுதான். கல்யாண வீடுகளிலும் கோயில் பெருநாள்களிலும் வாசிக்கிற கோஷ்டி ஒன்றில் அவனுக்குப் பேஸ் கிற்றார். அவனுடைய மச்சான் ஒருவன் கப்பலில் வேலை பார்த்தான். லண்டனில் இறங்கும்போதெல்லாம் இசைத்தட்டுகள் வாங்கி வருவான். ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு ஓடுகிற தட்டுகள். தாளத்தின் எண்ணிக்கை நடுவழியில் ஏழாகும், ஐந்தாகும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல நாலுக்குத் திரும்பும். புரோகிரசிவ் றொக் என்று அதற்குப் பெயர் என்பது அல்பேட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனைப் பிடித்துக்கொண்டது அந்தப் பேஸ்காரர்கள்தான். மற்றப் பாட்டுகளில் பேஸ் என்பது பின்னுக்கு நின்று பந்தல்கால் பிடிக்கிற வேலை. இவர்கள் பந்தல்காலைப் பிடுங்கிக்கொண்டு முன்னுக்கு வந்து நின்றார்கள். தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடித்து, தன்னுடைய ஜப்பான் கிற்றாரில் அவற்றை வாசிக்கப் பழகினான். ஊரில் அதைக் கேட்க ஆளில்லை. மாக்கிரட் மட்டும் சமைத்தபடி கேட்பாள். "உந்தப் பாட்டு எப்ப முடியும்?" என்பாள்.

தொழிற்சாலையில் ஒருநாள் காலை இடைவேளை. இரத்தமும் குளிரும் பிடித்த கைகளைக் கழுவிவிட்டு வந்து எல்லாரும் பாண் தின்றுகொண்டிருந்தார்கள். அல்பேட் தன்னை மறந்து தேர்மொஸ் மூடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். எதிரே இருந்த டேனிஷ்காரன் சாப்பாட்டை நிறுத்தினான். தன் கத்திப் பிடியால் மேசையில் அதே தாளத்தைத் தட்டினான்.

"ஏழா?" என்று கேட்டான்.

"ஏழு. பிறகு ஒரு இடத்தில் ஐந்து வரும்" என்றான் அல்பேட், ஆங்கிலத்தில்.

"தெரியும். அந்த இடத்தில்தான் எல்லாரும் விழுவார்கள்."

அவன் பெயர் பிரேபன். நாற்பது வயது, பெரிய உடம்பு. பன்றியின் நெஞ்செலும்பை இயந்திர வாளில் அறுக்கிறவன். இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதியோடு நின்றன. எட்டு வருடத்துக்கு முன் அதே வாள் எடுத்தது. அதற்கு முன் அவனும் ஒரு பேஸ்காரன். 'நோர்ட்ஃபூர்' என்ற குழுவில் வாசித்தவன். வடக்குக் கலங்கரை விளக்கு என்று அதற்குப் பொருள். 1974இல் அவர்கள் ஒரேயொரு இசைத்தட்டுப் போட்டார்கள். பிறகு ஊரே நடனப் பாட்டுக்கு மாறிவிட்டது. குழுவும் கலைந்தது.

அந்தச் சனிக்கிழமை பிரேபன் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நகரத்துக்கு வெளியே, பழைய பன்றிக் கொட்டகை ஒன்றைக் குழுவின் சாமான்கள் வைக்கிற இடமாக மாற்றியிருந்தான். அங்கே ஒரு பழைய கட்டிலுக்கு அடியில் கிடந்த கறுத்தப் பெட்டியை இழுத்துத் திறந்தான். உள்ளே ஒரு றிக்கன்பாக்கர் பேஸ் கிற்றார். 1972இல் செய்தது. மேப்பிள் மரத்தின் வெளிர் நிறம் கைபட்டுத் தேன் நிறமாகியிருந்தது. ஓரம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக்கட்டம். கழுத்தில் சிப்பியை நொறுக்கி வார்த்ததுபோல முக்கோணங்கள். கழுத்துமரமே உடலின் நடுவால் கடைசிவரை ஓடியது. இரண்டு இடத்தில் வயர் செருகலாம். ஒன்று பெரிய ஸ்பீக்கருக்கு, மற்றது அலறுகிற சின்ன அம்பிளிஃபயருக்கு. மச்சான் கொண்டுவந்த தட்டுகளின் அட்டைகளில் அல்பேட் பார்த்திருந்த வாத்தியம் அது. கையால் தொடுவேன் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

"வாசி" என்றான் பிரேபன்.

அல்பேட் இரண்டு வருடமாகக் கம்பியைத் தொடவில்லை. விரல் நுனிகளில் காய்ப்பு இல்லை, கத்தி பிடித்த காய்ப்பு உள்ளங்கையில்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஏழும் ஐந்தும் விழாமல் வந்தன. பிரேபன் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். அவனுடைய இடது கை காற்சட்டைப் பையினுள் அசைந்துகொண்டே இருந்தது. பாதி விரல்களும் கூடவே வாசிப்பது துணிக்கு மேலால் தெரிந்தது. அல்பேட் பார்க்காததுபோல இருந்தான்.

"கொண்டுபோ. எனக்கு அது வெறும் மரம்" என்றான் பிரேபன் கடைசியில்.

குடும்பத்தை எடுக்கிற விண்ணப்பத்தை மாசி மாதமே அல்பேட் போட்டுவிட்டான். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் செல்வரட்ணம். அவர் இரண்டு வருடம் முந்தி வந்தவர், டேனிஷ் நன்றாகக் கதைப்பார், அதனால் அந்த ஊர்த் தமிழருக்கெல்லாம் கடிதம் வாசிக்கிறவர் ஆகியிருந்தார்.

"அகதியாய் ஏற்றவைக்கு மனுசி பிள்ளையளைக் கூப்பிடுறது சட்டப்படி உரிமை. ஆறு மாசம், மிஞ்சினா ஏழு மாசம். கோடைக்குக் கட்டில் வாங்கி வையும் தம்பி" என்றார்.

அல்பேட் வாங்கினான். ஒரு பெரிய கட்டில், இரண்டு சின்னக் கட்டில்.

ஆடி மாதம் இந்திய ராணுவம் இலங்கையில் இறங்கியது. சமாதானம் வந்துவிட்டது என்று டேனிஷ் தொலைக்காட்சி சொன்னது. புரட்டாதிக்குப் பிறகு கோபன்ஹேகனில் இருந்து எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் பதில் வரவில்லை. ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் சண்டை வெடித்தது. மாக்கிரட் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் பூநகரிப் பக்கம் இறங்கி, வன்னிக் காட்டோரத்துக் கோயில் ஒன்றில் மற்றவர்களோடு ஒதுங்கினாள். அல்பேட் ஒவ்வொரு மாதமும் கோபன்ஹேகனுக்குத் தொலைபேசி எடுத்தான். ஒவ்வொரு மாதமும் ஒரே பதில்: கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. குரல் மட்டும் மாறும். சில குரல்கள் அன்பாகக்கூட இருந்தன.

கோப்புகளைக் கையில் எடுக்கவேண்டாம் என்று மேலிருந்து சொல்லப்பட்டிருந்தது அப்போது எவருக்கும் தெரியாது. தாங்கள் ஏதோ பிழையாக எழுதிவிட்டோம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அல்பேட் படிவத்தின் பிரதியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். மாக்கிரட்டின் பிறந்த திகதியில் ஏழு, ஒன்று மாதிரித் தெரிகிறதோ என்று ஒரு கிழமை நித்திரையில்லை.

அந்த மாரிகாலம் அவனைக் காப்பாற்றியது சனிக்கிழமைப் பின்னேரங்கள்தான். பிரேபன் பழைய குழுவைத் திரும்பக் கூட்டினான். கிற்றார்காரன் இப்போது பள்ளிக்கூட வாத்தியார், ட்ரம்ஸ் அடிப்பவன் தபால்காரன், ஓர்கன்காரன் மாட்டுப்பண்ணை வைத்திருந்தான். பிரேபன் பாடினான், பேஸ் அல்பேட்டினுடையது. 1974ஆம் ஆண்டுத் தட்டில் இருந்த, அதேபோல ஏழும் ஐந்தும் வருகிற இருபது நிமிடப் பாட்டை மூன்று மாதம் பழகினார்கள். பிரேபன் வாசித்ததை அல்பேட் முதலில் அப்படியே வாசித்தான். பிறகு தனக்கு வந்ததை இடையில் வைத்தான். பிரேபன் முகத்தைச் சுளித்தான். இரண்டு கிழமை கழித்து, "அதை எடுக்காதே" என்றான்.

1988 மே முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. தொழிலாளர் தினத்துக்கு நகரப் பூங்காவில் மேடை போட்டிருந்தார்கள். பேச்சுகள் முடிந்ததும் நோர்ட்ஃபூர் ஏறியது. பியரும் சொசேஜும் பிள்ளை வண்டிகளுமாகப் புல்லில் இருந்த சனம் முதலில் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஐந்து வருகிற இடத்தில் அல்பேட்டின் பேஸ் தனியே எழும்பியது. சிலர் எழும்பி நின்றார்கள். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அல்பேட் எங்கே நிற்கிறான் என்பது அவனுக்கு மறந்துபோனது.

இறங்கி வந்தவனை உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். எந்த நாடு, எப்போது வந்தாய், எங்கே பழகினாய் என்று கேட்டாள். கடைசியாக, "டென்மார்க் உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்றாள்.

அல்பேட் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டான். பத்திரிகையில் நல்லதாக ஏதும் வந்தால் கோபன்ஹேகனில் எவராவது வாசிப்பார்கள். முறைப்பாடு சொல்கிறவனின் கோப்பை ஆர் எடுப்பார்கள்? "மிகவும் பிடித்திருக்கிறது. நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன்" என்றான். படம் எடுத்தார்கள். றிக்கன்பாக்கரை மார்போடு பிடித்துக்கொண்டு அவன் வாய் நிறையச் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அந்தப் படம். 'சந்தோஷமான தமிழன் நம் நகரத்துக்கு இசை தந்தான்' என்று தலைப்பு. செல்வரட்ணம் ஆறு பத்திரிகை வாங்கி வந்தார்.

"நல்ல வேலை செய்தீர் தம்பி. ஒண்டைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பும், கோப்போட வைக்கட்டும்."

ஒன்றைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பினான். இன்னொன்றை வெட்டி மாக்கிரட்டுக்கு அனுப்பினான். 'இனிக் கெதியாய் அலுவல் முடியும், பயப்படவேண்டாம், பிள்ளைகளுக்கு அப்பாவின் படத்தைக் காட்டும்' என்று கீழே எழுதினான்.

அவளுடைய கடிதம் ஆனி நடுப்பகுதியில் வந்தது. மன்னார் பாதிரியார் ஒருவர் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தபாலில் போட்டது. றொஜிதனுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது. வீதி பூட்டு, இரண்டு நாளாக வாகனம் இல்லை. மே மூன்றாம் திகதி விடியப்புறம் போய்விட்டான். கோயில் வளவிலேயே அடக்கம் செய்தோம். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். இரண்டு கடிதங்களும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்திருந்தன.

அன்றைக்கே அல்பேட் தந்தி அடித்தான். தந்தி போகிற இடத்தில் அவள் இருக்கவில்லை. படத்தோடு போன அவனுடைய கடிதம்தான் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளையைப் புதைத்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள் மாக்கிரட் அந்த உறையைப் பிரித்திருக்கிறாள்.

அதன் பிறகு அவன் வாசிக்கவில்லை. குழு அவனுக்காக ஒரு மாதம் பார்த்திருந்துவிட்டுக் கலைந்தது. பிரேபன் வாத்தியத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றான். றிக்கன்பாக்கர் வீட்டு மூலையில் பெட்டியோடு நின்றது.

மறுவருடம், 1989இல், தமிழரின் கோப்புகள் ஏன் கிடக்கின்றன என்று டேனிஷ் பாராளுமன்றத்தில் கேள்விகள் எழும்பின. கோப்புகள் திரும்ப அசைந்தன. ஆடி மாதம் மாக்கிரட்டும் செலீனாவும் பிலுண்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். செலீனா அப்பாவைக் கண்டு அம்மாவுக்குப் பின்னால் போனாள். மாக்கிரட் மெலிந்து, முன்மயிர் நரைத்திருந்தாள். காரில் வரும்போது வீதியோர மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் மூன்று கட்டில்களும் கிடந்தன. ஒரு சின்னக் கட்டிலை அகற்றவேண்டும் என்பது அல்பேட்டுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

நாலு நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள், செலீனாவைச் செல்வரட்ணம் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட அனுப்பிவிட்டு, அவன் முன்னால் வந்து இருந்தாள்.

"ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ."

"கேளும்."

"அந்தப் பேப்பர் படத்தில சிரிக்கிறியள். பொய்க்குச் சிரிச்சனீங்களோ, உண்மையாச் சிரிச்சனீங்களோ?"

கோப்புக்காகச் சிரித்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். அவளிடம் சொல்லவென்று ஒரு வருடமாக வைத்திருந்த பதிலும் அதுதான். ஆனால் மாக்கிரட் அவனைக் கல்யாண வீட்டு மேடைகளில் பார்த்துக் கட்டிக்கொண்டவள். எந்தச் சிரிப்பு எது என்று அவளுக்குத் தெரியும்.

"உண்மையாத்தான் மாக்கிரட்" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, ஏசவில்லை. "சரி" என்று எழும்பினாள். அன்று பின்னேரம் தன் தலையணையை எடுத்துக்கொண்டு செலீனாவின் அறைக்குப் போனாள். றொஜிதனின் கட்டில் அங்கேதான் கிடந்தது. காலை மடக்கிக்கொண்டு அதில் படுக்கத் தொடங்கினாள்.

அந்த வாத்தியத்தை எடுத்து எறி என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு துடைக்கும்போது அந்தப் பெட்டியையும் ஈரத்துணியால் துடைப்பாள். மூலைகளில் இருந்த பித்தளைகூட மின்னியது. மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிப் பிரேபனின் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

பிரேபன் முதுகு நோவால் 1991இல் தொழிற்சாலையை விட்டு நின்றான். அந்த வருடம் ஹம்பேர்க்கில் இருந்து பழைய வாத்தியங்கள் சேர்க்கிற ஒருவன் வந்து றிக்கன்பாக்கரை வாங்கிப் போனான் என்று அல்பேட் கேள்விப்பட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறவனாம். வாசிக்கத் தெரியாதாம். பழைய நோர்ட்ஃபூர்த் தட்டையும் இப்போது ஜப்பான்காரர்கள் தேடுகிறார்களாம்.

1992 இலையுதிர்காலத்தில் பதின்மூன்று வயதுச் செலீனா நூலகத்தில் இருந்து ஒரு சீடி கொண்டுவந்தாள். நோர்ட்ஃபூரின் பழைய தட்டு, புதிதாக வந்திருந்தது. கடைசியில் மேலதிகமாக, அன்று யாரோ பதிவுசெய்து வைத்திருந்த ஒரு பாட்டு: '1988 மே முதலாம் திகதி, பூங்கா மேடையில்'. செலீனா சின்னப் புத்தகத்தைப் புரட்டினாள். டேனிஷில்தான் சொன்னாள்: பேஸ் பிரேபன் என்று போட்டிருக்கிறது, அப்பா, உங்கள் பெயர் இல்லை.

மாக்கிரட் முதியோர் இல்லத்து வேலைச் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போடு பாப்பம்" என்றாள்.

செலீனா போட்டாள். சனத்தின் இரைச்சலும் பிள்ளைகளின் சத்தமும் முதலில் கேட்டன. பிறகு ஏழு, பிறகு ஐந்து. பேஸ் தனியே எழும்பியது. மாக்கிரட் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றபடி கேட்டாள். பாட்டு முடிந்து கைதட்டும் அடங்கியது.

"உங்கட பேர் இல்லாதது நல்லது" என்றாள். "இருந்திருந்தால் பிள்ளை செத்த கிழமை தேப்பன் என்ன செய்தவர் எண்டு சனம் காசு குடுத்து வாங்கிக் கேக்கும்."

சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் அல்பேட் பிரேபனின் வீட்டுக்குச் சைக்கிளில் போனான். காற்று எதிர்த்து அடித்தது. பிரேபன் கதவைத் திறந்ததுமே எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்து கண்ணைத் தாழ்த்தினான்.

"பழைய ஆட்களின் பெயர்தான் வேண்டும் என்று கேட்டார்கள். வாங்குகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்களாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை." பிரேபன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "வாள் விரலை எடுத்த பிறகும் நான் ஒருநாள் வாசித்தேன் என்று எங்கேயாவது ஒருத்தன் நம்பட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அல்பேட்."

அல்பேட் அவனை அடிக்கவேண்டும் என்றுதான் போயிருந்தான். அந்த இரண்டு பாதி விரல்களும் கதவு நிலையைப் பிடித்திருந்தன. கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் வீடு திரும்புகிற ஒன்பது கிலோமீற்றரும் சுகமாக இருந்திருக்கும். "உள்ளே வா, கோப்பி குடி" என்றான் பிரேபன். அல்பேட் போகவில்லை. அதன் பிறகு இருவரும் சந்திக்கவுமில்லை.

1993 தை மாதம் ஒரு வியாழக்கிழமை, தமிழரின் கோப்புகளை மேலிருந்து நிறுத்திவைத்தது பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. செல்வரட்ணம் தொலைபேசியில் கத்தினார்.

"தம்பி, ரீவியைப் போடும்! அரசாங்கம் விழுந்திட்டுது! எங்கட காரியத்தாலதான்!"

"ஓம் அண்ணை."

"ஆறாயிரம் பக்கமாம் அறிக்கை. சட்டவிரோதம் எண்டு எழுதியே விட்டாங்கள். எங்கட வீட்டுக்கு வாரும், எல்லாரும் வருகினம்."

"மாக்கிரட் வேலையில. நான் விடிய எழும்பவேணும் அண்ணை" என்றான் அல்பேட்.

அடுத்த நாள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் இடைவேளை அறைக்குக் கேக் கொண்டுவந்திருந்தார். அல்பேட்டும் இன்னும் நாலு தமிழரும் வரிசையில் நிற்க, டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். பிறந்தநாளுக்குச் சொல்கிற அதே சொல்லைத்தான் சொன்னார்கள். "தில்லூக்க, அல்பேட். தில்லூக்க." அவர்களிடம் வேறு சொல் இருக்கவில்லை. அல்பேட் எல்லாருக்கும் நன்றி சொன்னான். மிஞ்சிய கேக்கில் இரண்டு துண்டைக் கடதாசியில் சுற்றி மேற்பார்வையாளர் அவன் கையில் வைத்தார்.

வீட்டில் செலீனா ஒன்றைத் தின்றாள். மற்றது மாக்கிரட்டுக்கு. அவள் வேலையால் வந்து அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அல்பேட் சொன்னான். அவள் குளிக்கப் போனாள். துண்டு மேசையில் இரண்டு நாள் கிடந்து காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகமுன் அவளே அதை எடுத்து உருளைக்கிழங்குத் தோலோடு குப்பையில் போட்டாள்.